மாமாவின் சான்சுயியும் வீசிய இரும்புப் பெட்டியும்

அன்புள்ள அண்ணா,

என் தாய்மாமா கப்பலில் வேலை பார்த்தவர். 1970களில் ஜப்பானில் வாங்கிய சான்சுயி ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்த ஸ்டீரியோ கருவி) ஒன்றை, சின்ன வீட்டுக்கு மாறும்போது என்னிடம் கொடுத்துவிட்டார். இருபது வருடமாக ஓடவில்லை. அதோடு கனமான இரும்புப் பெட்டி ஒன்றும் இருந்தது. எதற்கென்று தெரியாமல் வீசிவிட்டோம். ரிசீவரைச் சரிசெய்து அதில் நம் சிங்கப்பூர்த் தமிழ் வானொலி ஒலி 96.8 கேட்க ஆசை. உள்ளே எல்லாவற்றையும் மாற்றி, புளூடூத் போர்டு வைத்து, முகப்புக்குக் கறுப்பு பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்கிறார் நண்பர். ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்றக் கூடாது, மதிப்பு போய்விடும் என்கிறான் தம்பி. யார் பேச்சைக் கேட்பது?

ர., ஈசூன்

அன்புள்ள ர.,

இரண்டு பேர் பேச்சையும் அப்புறம் பார்க்கலாம். முதலில், டிராவல் அடாப்டர் மாட்டி அதைச் சுவரில் செருகிவிடாதீர்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. நீங்கள் வீசிய பெட்டி பெரும்பாலும் 230 வோல்ட்டை 100ஆகக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மராகத்தான் இருக்கும். அது இல்லாமல் சுவிட்சைப் போட்டால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். சான்சுயி நிறுவனமே டிரான்ஸ்ஃபார்மர் செய்யும் நிறுவனமாகத் தொடங்கியதுதான். அந்தக் காலத்து டிரான்ஸ்ஃபார்மர்களை அவர்கள் அவ்வளவு நன்றாகச் செய்தார்கள். அது போனால் அதே மாதிரி இன்னொன்று கடையில் கிடைக்காது.

பின்பலகையைப் பாருங்கள். வெளிநாட்டுக்கென்று செய்த சில மாடல்களில் வோல்ட்டேஜ் மாற்றும் வசதி இருக்கும். வெறும் 100 என்று மட்டும் போட்டிருந்தால் புது ஸ்டெப்-டவுன் வாங்கியே ஆக வேண்டும். பின்பலகையில் எழுதியிருக்கும் வாட் அளவைப்போல் இரண்டு மடங்கு தாங்குவதாக வாங்குங்கள். எழுத்து அழிந்திருந்தால் டயலைப் பாருங்கள். ஜப்பானில் அப்போது எஃப்எம் 76லிருந்து 90 வரைதான். உங்கள் டயலும் 90இல் முடிந்தால் அது ஜப்பான் வீட்டுக்கென்றே செய்த கருவி. சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, அதில் 96.8 வராது. வானொலி பிடிக்கும் பகுதியான ட்யூனரைக் கழற்றி அலைவரிசையை மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒலி 96.8 கேட்க வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

சரி, மாற்றுவதா வேண்டாமா? பழைய ஸ்டீரியோவில் தேய்வதற்கென்றே இருக்கும் பொருள்கள் உண்டு. மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர், டயல் பல்பு, டர்ன்டேபிள் பெல்ட், ஸ்பீக்கரைச் சுற்றி இருக்கும் நுரை வளையம் எல்லாம் அந்த வகை. சைக்கிளுக்கு டயர் போல. தயங்காமல் மாற்றலாம், தம்பி கவலைப்பட வேண்டாம். முகப்பு, மரப்பெட்டி, டயல் கண்ணாடி, டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவை வேறு. கெட்டால் கெட்டதுதான். அவற்றில் பெயின்டோ டிரில்லோ படக் கூடாது.

இதை நான் கற்றுக்கொண்டது அப்பாவின் ரிசீவரில். தூசி தட்டித் தருகிறேன் பேர்வழி என்று டயல் கண்ணாடியைக் கழற்றி, ஜன்னல் துடைக்கும் திரவத்தைத் தெளித்து உட்புறம் துடைத்தேன். எண்கள் கண்ணாடியின் பின்புறம்தான் அச்சிடப்பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியாது. 88லிருந்து 100 வரை துணியோடு வந்துவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு முள்ளைக் குத்துமதிப்பாக நகர்த்தித்தான் கேட்டார். அந்தக் கண்ணாடி எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

உங்கள் கருவியில் முதல் வேலை எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்தான். உள்ளே இருக்கும் திரவம் ரப்பர் அடைப்பு வழியாக வருடக் கணக்கில் கசிந்து காய்ந்துவிடும். அப்போதுதான் ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்று ஓர் இரைச்சல் வரும், அடிச்சத்தம் மெலியும். ஜாலான் புசாரில் சிம் லிம் டவரில் உதிரிபாகக் கடைகள் இருக்கின்றன. மேலே போட்டிருக்கும் மைக்ரோஃபாரட், அதாவது தேக்கும் அளவு, அதேதான் இருக்க வேண்டும். வோல்ட் அதே அளவு அல்லது கொஞ்சம் கூட. தாங்கும் வெப்பம் 85 டிகிரி என்று போட்டிருந்ததற்கு 105 டிகிரி வாங்குங்கள், நம் ஊர் வெக்கைக்கு நல்லது. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்கினால் எங்கே தப்பு செய்தோம் என்று கண்டுபிடிக்கவே முடியாது. படம் எடுத்துக்கொண்டு, ஒன்றைக் கழற்றி ஒன்றைப் பொருத்த வேண்டும். பிளஸ் மைனஸ் மாறினால் வெடிக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும். அதனால் அனுபவம் உள்ளவர் பக்கத்தில் இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் சீரீஸ் பல்பு வைத்து முதல் மின்சாரம் கொடுக்கச் சொல்லுங்கள். சுவருக்கும் ஸ்டெப்-டவுனுக்கும் நடுவே பழைய குண்டு பல்பு ஒன்று, எல்இடி உதவாது. பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் நல்ல சேதி. எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட், உடனே நிறுத்திவிடலாம். எல்லாம் சரியாக இருந்தும் சத்தமே வரவில்லை என்றால் பதறாதீர்கள், டேப் ரெக்கார்டரிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்பதற்கான ‘டேப் மானிட்டர்’ பொத்தான் அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வால்யூம் திருகும்போது கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் தெளித்து இருபது முப்பது தடவை திருகினால் போதும்.

புளூடூத் வேண்டும் என்ற உங்கள் ஆசையில் தப்பே இல்லை. இன்றைய வீட்டில் பயன்பட்டால்தான் அந்த ரிசீவர் ஷோகேஸ் பொம்மையாகாமல் இருக்கும். ஆனால் போர்டு உள்ளே போக வேண்டாம். தீப்பெட்டி அளவு புளூடூத் ரிசீவரை வாங்கிப் பின்னால் வெளிக் கருவிகளுக்கான ‘ஆக்ஸ்’ துளையில் ஒரு கேபிளால் இணைத்துவிடுங்கள். கைப்பேசியிலிருந்து ஒலி 96.8 மாமாவின் ஸ்பீக்கரில் வரும். நாளைக்கு வேண்டாமென்றால் கேபிளை உருவினால் முடிந்தது. டயல் பல்புக்கு எல்இடி போடுவதாக இருந்தால் மஞ்சள் சாயல் உள்ளதாகப் பாருங்கள், வெள்ளை எல்இடி டயலின் நிறத்தையே கெடுத்துவிடும். பழைய பல்புகளை ஒரு பையில் போட்டு, தேதி எழுதி, ரிசீவரோடு வையுங்கள்.

கறுப்பு பெயின்டுக்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். நண்பரிடம் என் பெயரைச் சொல்லியே மறுத்துவிடுங்கள்.

பின்பலகையையும் டயலையும் படம் எடுத்து அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு எத்தனை வாட் ஸ்டெப்-டவுன் வாங்குவது என்று சொல்கிறேன். அதுவரை பிளக் அலமாரிக்குள்ளேயே இருக்கட்டும்.