இணைய ரோல்பிளேயில் குற்றவாளி வேடம் கடினமா, பொலிஸ் வேடம் கடினமா?

இரண்டையும் கட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பொலிஸ் வேடமே கடினம். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நாலாம் மாடியில் இருந்து (கொழும்புத் தமிழர் அஞ்சும் அந்த நாலாம் மாடி, அதாவது குற்றப் புலனாய்வுப் பொலிஸாரின் விசாரணைத் தளம் அன்று, எங்கள் வீடு) ஜிடிஏ 5 என்ற கணினி விளையாட்டை, பலர் இணையத்தில் கூடி ஆளுக்கொரு வேடம் ஏற்று நடிக்கும்படி ஃபைவ்எம் என்ற மென்பொருள் வழியாக இயக்கும் ஒரு தமிழ் சேர்வரில் சில ஆண்டுகளாக நடித்து வருகிறேன். முதலில் கடை கொள்ளையிடுபவனாக இருந்தேன். பிறகு ரோந்துப் பொலிஸாக மாறினேன்.

குற்றவாளிக்கு ஒரு வசதி உண்டு. எந்தக் கடை, எந்த நேரம், யாரைப் பிணையாக வைப்பது என்பதையெல்லாம் அவனே தீர்மானிக்கிறான். பொலிஸ்காரர் அவன் தொடங்கிய கதைக்குள் பாதியில் நுழைகிறவர். ஆனால் வாகனம், ஆயுதம், ஆட்பலம் எல்லாம் அவர் பக்கமே கூடுதல். அத்தனையையும் ஒரேயடியாக இறக்கினால், எதிரில் இருப்பவர்கள் மாலை முழுவதும் கூடிப் பேசித் திட்டமிட்ட கொள்ளை இரண்டு நிமிடத்தில் பாழாகிவிடும். ஆகவே கையில் பலம் இருந்தும் அடக்கி வைத்து, பேச்சுவார்த்தைக்கு இடம் கொடுத்து, சில இரவுகளில் கண்முன்னே தப்பிப்போக விட்டுவிட்டு, அதற்காகச் சக பொலிஸாரிடம் ஏச்சும் வாங்க வேண்டியிருக்கிறது.

குற்றவாளிக்கும் ஒரு சோதனை உண்டு, அது பயத்தை நடிப்பது. துப்பாக்கியை நீட்டினால் உயிருக்கு அஞ்சிக் கையைத் தூக்க வேண்டும் என்பது பெரும்பாலான சேர்வர்களில் விதி. புதிதாக வரும் பையன்கள் அதில்தான் தோற்கிறார்கள்.

அதைவிட நுட்பமானது உடற்சோதனை. 'மீ' என்று தட்டச்சிட்டுச் செய்கையை எழுதுவோம். 'டூ' என்று தட்டச்சிட்டுச் சூழ்நிலையைக் கேட்போம். பொலிஸ்காரர் "மீ: சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறார்", "டூ: உள்ளே என்ன அகப்படும்?" என்று எழுதினால், தன் பையில் இருப்பதைக் குற்றவாளியே உண்மையாக எழுதிக் கொடுக்க வேண்டும். வாயால் எவ்வளவும் பொய் சொல்லலாம், 'டூ'வில் பொய் எழுதக் கூடாது. கள்ளனின் நேர்மையை நம்பி நடக்கும் பொலிஸ் வேலை இதுவாகத்தான் இருக்கும். இப்போது பல சேர்வர்களில் பையில் உள்ளதைத் திரையே காட்டிவிடுகிறது. எனக்கென்னவோ பழைய முறையே பிடிக்கும்.

மொழியும் சில நேரம் காலை வாரும். "சாரதி அனுமதிப்பத்திரத்தைக் காட்டுங்கோ" என்று நான் கேட்டபோது, சென்னையில் இருந்து விளையாடும் ஒருவர், "சாரதியா? குருக்ஷேத்திரத்துக்கா போறோம்?" என்று திருப்பிக் கேட்டார். விளையாட்டில் வரும் நகரம் கலிபோர்னியாவைப் பார்த்து உருவாக்கப்பட்டது என்பதால், விலங்கிட்டவுடன் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1966 ஆம் ஆண்டு மிராண்டா தீர்ப்பின்படி, மௌனமாக இருக்கவும் சட்டத்தரணியை அழைக்கவும் உள்ள உரிமையை நாங்கள் தமிழில் ஒப்பிக்கிறோம். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டபோது ஒரு துரத்தலின் நடுவே நான் மறைந்துபோய், சம்பவத்தைக் கைவிட்டு ஓடியவன் என்று மூன்று நாள் தடையும் வாங்கினேன்.

ஓர் இரவு விளக்கில்லாமல் வந்த காரொன்றை மறித்தேன். நான் எதுவும் கேட்பதற்கு முன்னரே அந்தச் சாரதி, "மீ: வேகத்தைக் குறைத்து உள்விளக்கைப் போடுகிறார், கண்ணாடியை இறக்குகிறார், அடையாள அட்டையைக் கையில் எடுத்து வைக்கிறார்" என்று எழுதினார். போர் முடிந்த 2009க்கு முன்னர் சோதனைச் சாவடிகளை நெருங்கும்போது அப்பா இதே வரிசையில் இதையே செய்வதைப் பின் ஆசனத்தில் இருந்து பார்த்து வளர்ந்தவன் நான். எந்த ஊர் என்று கேட்க வாய் வந்தது. வேடத்தில் இருக்கும்போது அதைக் கேட்கக் கூடாது. வழக்கம்போல் 'டூ' எழுதினேன். "ஆசனத்துக்கு அடியில் ஒரு கைத்துப்பாக்கி" என்று பதில் வந்தது. விலங்கிட்டு உரிமைகளை ஒப்பித்தேன், அந்த உள்விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.