இரட்டைக் குட்டிகளில் ஒன்றை ஆடு ஒதுக்குகிறது: பதில்

ஈன்று இரண்டு நாளான உங்கள் வெள்ளாடு கிடாக்குட்டிக்கு மட்டும் பால் கொடுத்துவிட்டுப் பெட்டைக்குட்டியை முட்டித் தள்ளுகிறது என்றும், பிள்ளைகள் அதை வீட்டுக்குள் வைத்துப் புட்டிப்பால் கொடுக்க அடம்பிடிக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள்.

முதலில் மடியைத் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் இறுகிச் சூடாக இருந்தாலோ, பால் திரிதிரியாக வந்தாலோ அது மடிநோயாக இருக்கலாம். வலி தாளாமல் உதைக்கும் ஆட்டிடம் குட்டியை விடுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

மடியில் குறையில்லை என்றால் குட்டியை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். தாய் தன் குட்டியை முக்கியமாக மணத்தால் அறிவதால், பிள்ளைகள் மாறி மாறித் தூக்கிக் கொஞ்சக் கொஞ்ச அது அந்நியமாகிவிடும். ஆட்டைக் கம்பத்தில் குட்டையாகக் கட்டி, ஒருவர் பின்னங்காலைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் காம்பைக் குட்டியின் வாயில் வைத்து நாளுக்கு நாலைந்து வேளை ஊட்டச் செய்யுங்கள்; குட்டி குடிக்கும்போது தாய் அதன் வால்புறத்தை முகரும் என்பதால், அங்கே தாயின் பாலையே சிறிது தடவிவிடுவது நல்லது.

சில ஆடுகள் எதற்கும் இணங்குவதில்லை. அப்போது தாயின் பாலைப் பீய்ச்சி, இளஞ்சூட்டிலேயே புட்டியில் கொடுக்கலாம். குட்டியின் வாய்க்குள் விரலை வைத்தால் சில்லென்றிருக்குமானால், சாக்கில் சுற்றி உடலைச் சூடாக்கிய பிறகே பால் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் கைக்குழந்தையைப் போல மடியில் மல்லாத்தித்தான் ஊட்டப் பார்ப்பார்கள். அப்படிக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும் என்பதால், குட்டியை நிற்கவைத்தே ஊட்டச் சொல்லுங்கள்.