பாலத்தில் இறங்க முடியாது

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம், வீட்டிலும் உங்களைப் படிப்பார்கள். ராமநாதபுரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். கொரோனாவுக்கு முன்னால் எட்டு வருஷம் விடிகாலைப் பாசஞ்சரிலும் பஸ்ஸிலும்தான் போய்வந்தேன். கொரோனாவில் கொஞ்ச காலம் வீட்டிலிருந்தே வேலை. அப்புறம் தெரிந்தவர் ஒருவரின் காரில் நாலு பேர் பெட்ரோல் காசைப் பங்கு போட்டுக்கொண்டு போனோம். அவர் இப்போது மதுரைக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

போன திங்கட்கிழமை பஸ் ஏறினேன். நிற்கத்தான் இடம். பாலத்துக்கு வந்ததும் பின்னால் ஒருவர் இருமினார், விடாமல் இருமினார். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. பாலத்தில் இறங்கவும் முடியாதே. மண்டபம் வந்ததும் இறங்கி, வேகாத வெயிலில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கே திரும்பிவிட்டேன். வீட்டில் சிரிக்கிறார்கள். கொரோனா போய் எத்தனை வருஷமாச்சு, ஊரே மறந்துவிட்டது, நீ ஒருத்திதான் பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்கிறார்கள்.

அவர்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் அதற்கு முன் கடைசியாக பஸ்ஸில் போனது 2021 மே 8. ஊரடங்கு வருகிறது என்று சாமான் வாங்க ராமேஸ்வரம் போனேன். டவுன் பஸ்ஸில் காசை நீட்டினால் கண்டக்டர், 'இன்னைக்கிலிருந்து பொம்பளையாளுகளுக்குக் காசில்லம்மா' என்றார். சந்தோஷமாக இருந்தது. நல்ல கூட்டம். பன்னிரண்டாம் நாள் என் மாமியாருக்குக் காய்ச்சல் வந்தது. அவர் திரும்பி வரவில்லை.

பாசஞ்சர் ரயிலைப் பற்றி முன்பு நீங்கள் எழுதிய கட்டுரையில், நாலு பேரோடு சேர்ந்து போவது தினமும் ஒரு திருவிழா என்று எழுதியிருந்தீர்கள். இப்போதும் அப்படித்தான் போகிறீர்களா?

- ஒரு வாசகி, பாம்பன்

*

அன்புத் தங்கச்சிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதை எழுதக் கை வராது. இல்லை, போகவில்லை. 2020 செப்டம்பரில் பழைய பைக் ஒன்றை வாங்கினேன். அன்றிலிருந்து மண்டபத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் அதில்தான் அலைந்தேன். அந்தத் திருவிழாக் கட்டுரையைப் புத்தகத்தில் சேர்க்கத் திருத்தியபோதும் வாசலில் பைக்தான் நின்றது. அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. 2025 ஏப்ரல் 6 அன்று பாம்பனில் புதிய ரயில் பாலம் திறந்து ரயில் திரும்பி வந்ததல்லவா, அதைப் பார்க்க ஊரோடு நானும் போனேன், கையசைத்தேன், போட்டோ எடுத்தேன், பிறகு பைக்கை உதைத்து வீட்டுக்கு வந்துவிட்டேன். ரயிலில் ஏற வேண்டும் என்று தோன்றவே இல்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தை எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து பார்த்த மாதிரி.

நம் பக்கத்து ஆட்களுக்கு இந்தத் திரும்புதல் ஒரே மூச்சில் நடக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் எல்லாம் நின்றது. ஜூனில் தமிழ்நாட்டை எட்டு மண்டலமாகப் பிரித்து, இருக்கையில் குறுக்குக் கோடு போட்டு, குறைந்த கூட்டத்தோடு பஸ் விட்டார்கள், ஜூலையில் நிறுத்தினார்கள், செப்டம்பரில் மறுபடி விட்டார்கள், அடுத்த மே மாதம் மறுபடி நிறுத்தினார்கள். பாசஞ்சர் வந்தபோது எக்ஸ்பிரஸ் சிறப்பு என்று பெயர் மாறியிருந்தது, குறைந்த கட்டணம் 10 ரூபாய் 30 ஆகியிருந்தது. சரி, அதுவாவது வந்ததே என்று தீவு ஆட்கள் ஏறிப் பழகும்போது 2022 டிசம்பர் 23 அன்று பழைய பாலத்தில் ரயிலையே நிறுத்திவிட்டார்கள். 1914இல் திறந்த பாலம், அதற்கு மேல் தாங்காது. 2024 பிப்ரவரியில் கட்டணம் பழையபடி 10 ரூபாய்க்கு இறங்கியபோது பாம்பன் ஸ்டேஷனில் அந்த டிக்கெட்டை வாங்கி ஏறுவதற்கு ரயில் இல்லை. மற்ற ஊர்க்காரர்களுக்கு ஒரு தடவை விட்டுப்போன பழக்கம் உங்களுக்கு இரண்டு தடவை விட்டுப்போயிருக்கிறது. வீட்டில் சிரிக்கிறவர்களிடம் இதையாவது சொல்லுங்கள்.

இப்போது அந்த மே 8. இரண்டு நாளாக இதை எழுதி எழுதி அழித்தேன்.

அந்தச் சனிக்கிழமை எனக்கும் ஞாபகம் இருக்கிறது. 7ஆம் தேதி புதிய அரசு பதவியேற்று, சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று கையெழுத்தானது. 8ஆம் தேதி அமலுக்கு வந்தது. 10ஆம் தேதி முழு ஊரடங்கு, பஸ்ஸே இல்லை. நடுவில் இருந்த அந்த இரண்டு நாளும், ஜனங்கள் சாமான் வாங்கிக்கொள்ளட்டும் என்று ராத்திரி 9 மணி வரை கடைகளைத் திறக்கவிட்டார்கள். ஊர் முழுக்க அன்றைக்குக் கடைத்தெருவில்தான் நின்றது. உங்கள் வீட்டுக்கு அரிசி பருப்பு வேண்டும், போனீர்கள். நீங்கள் போகாவிட்டால் வேறு யாராவது போயிருப்பார்கள், அதே கூட்டத்துக்குள்.

அந்தப் பஸ்ஸிலிருந்து நீங்கள் கொண்டுவரவில்லை என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. கொண்டுவந்தீர்கள் என்று சொல்லவும் யாரிடமும் ஆதாரம் கிடையாது. அந்த நோய் தொற்றிய ஆளுக்கு நாலைந்து நாளிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும், சிலருக்குப் பதினான்கு நாள் வரை போகும், சிலருக்கு ஒன்றுமே தெரியாமல் வந்து போயிருக்கும். பன்னிரண்டாம் நாள் என்கிறீர்கள். அந்தப் பன்னிரண்டு நாளில் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தவர்களை எண்ணிப் பாருங்கள்: பால்காரர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், துக்கம் விசாரிக்கப் போய்வந்தவர்கள், கரைக்குப் போய்வந்த ஆம்பிளையாட்கள். அந்த மாதம் அது எல்லா வீட்டுக் கதவையும் தட்டியது. இத்தனை பேரில் உங்கள் ஒருவர் பெயரை மட்டும் எழுதி வைத்து நாலு வருஷமாகக் கூட்டல் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கணக்கு வேலை பார்க்கிறவர் செய்கிற காரியமா இது? ஒரு பக்கத்து வரவை மட்டும் வைத்து எந்தப் பேரேட்டை முடிப்பீர்கள்?

இருமியவரைக் கண்டு நீங்கள் பயந்ததாக எனக்குப் படவில்லை. மறுபடி எதையாவது வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோமோ என்றுதான் பயந்திருக்கிறீர்கள். இதைச் சிரிக்கிறவர்களில் ஒருவரிடமாவது, உங்கள் வீட்டுக்காரரிடமாவது, சொல்லிவிடுவது நல்லது. அவருடைய அம்மா அல்லவா. அவர் மனசிலும் இதே மாதிரி வேறு ஒரு தேதி இருக்கலாம்.

காற்று விஷயத்துக்கு வருகிறேன். முதல் வருஷம் முழுக்க நாம் பஸ் கம்பியைத் தொடத்தான் பயந்தோம். சானிடைசரை உள்ளங்கையில் கொட்டிக் கொட்டித் தோல் உரிந்தது. எச்சில் தொட்டு டிக்கெட் கிழிக்கும் கண்டக்டரைப் பார்த்தாலே குடல் புரண்டது. பிறகுதான் தெரிந்தது, இது பெரும்பாலும் காற்றில் பரவுகிறது, காற்று அடைபட்ட இடத்தில் அதிகமாகப் பரவுகிறது என்று. அப்படிப் பார்த்தால் கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டுக்கொண்டு நாலு பேர் தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து போன அந்தக் கார், ஜன்னல் திறந்த நம் ஊர் பஸ்ஸைவிட எந்த விதத்தில் ஒசத்தி? அங்கே உங்களுக்குப் பயம் வரவில்லை, ஏனென்றால் நாலு பேரும் தெரிந்த முகம். தெரிந்தவர் இருமினால் 'ராத்திரி ஐஸ்கிரீம் சாப்பிட்டீங்களா' என்று கேட்போம், தெரியாதவர் இருமினால் நமக்குள் மருத்துவமனை வாசனை வந்துவிடுகிறது. பழைய பாசஞ்சரில் எட்டு வருஷம் எத்தனை பேர் இருமியிருப்பார்கள்! காசநோயும் இதே காற்று வழியாக வருவதுதான், அப்போதும் இருந்தது. இருமியவர்களில் பாதிப் பேரையாவது நமக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த முகங்கள் இப்போது இல்லை. வேலையை விட்டவர்கள், வண்டி வாங்கியவர்கள், செத்துப் போனவர்கள். நீங்கள் பஸ்ஸுக்குத் திரும்பவில்லை, புதிய பஸ்ஸில் புது ஆளாக ஏறியிருக்கிறீர்கள்.

ஊரே மறந்துவிட்டது என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஜூனில் ஒருநாள் பைக் பஞ்சராகி, வேறு வழியில்லாமல் மண்டபத்தில் காலைப் பாசஞ்சர் ஏறினேன். வாசலோரம் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, என் முகக்கவசத்தைப் பார்த்துவிட்டு, 'தம்பி, மூக்கை மூடினா எம் மீனு நாறாதுன்னு போட்ருக்கியளா?' என்றார். பெட்டியே சிரித்தது. பிறகு அவரே ஆரம்பித்தார். 2020இல் பஸ்ஸும் இல்லை ரயிலும் இல்லை, அவரும் இன்னும் நாலு பெண்களும் லோடு ஆட்டோ பிடித்துப் போயிருக்கிறார்கள். விற்ற காசில் பாதி ஆட்டோவுக்கே சரியாகப் போனது. வழியில் நிறுத்திக் கேட்டவர்களுக்கு ஆளுக்கு நாலு மீன் வேறு. முதல் பஸ் விட்ட அன்றைக்கே ஏறிவிட்டாராம். 'பயமா இல்லையாம்மா?' என்றேன். 'பயந்தான். கூடையை யாரு தூக்குவா?' என்றார். இருமுகிற ஆளைப் பார்த்தால் இன்றைக்கும் முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வாராம். அவர் எதையும் மறக்கவில்லை. வண்டி வாங்க முடிந்த நானும், காரில் பங்கு போட முடிந்த நீங்களும்தான் 'திரும்பிப் போவதா வேண்டாமா' என்று கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். அவருக்கு விட்டுப் போகவே வழியில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், இதில் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சில நடைமுறை விஷயங்கள். திங்கட்கிழமை ஆரம்பித்தது தப்பு. கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கப் போகிற கூட்டம் முழுக்க அன்றைக்குத்தான் பட்டணங்காத்தான் வரைக்கும் தொங்கிக்கொண்டு வரும். ஆடி அமாவாசை, தை அமாவாசை சமயத்திலும் பஸ் பக்கம் போகாதீர்கள், காசியிலிருந்து வந்தவர்கள்கூட நம் மேல்தான் சாய்வார்கள். முகக்கவசம் போடுங்கள், யார் கேட்டாலும் தூசி என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதான். முதலில் பஸ் வேண்டாம், பாசஞ்சரில் போங்கள். அந்த மே 8க்கும் ரயிலுக்கும் சம்பந்தமில்லை என்பது ஒன்று. யாராவது இருமினால் எழுந்து பத்தடி தள்ளிப் போய் நிற்கலாம் என்பது இன்னொன்று. பாலத்துக்குப் பயந்தால் அதற்கும் வழி இருக்கிறது: பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்து ஊர்ந்து போகும், தென்கடலையும் வடகடலையும் மாறி மாறிப் பார்த்து முடித்த பிறகும் பாலம் முடியாது. புதியதில் அப்படியில்லை, சட்டென்று கடந்துவிடுகிறது. எனக்கு அது பெரிய ஏமாற்றம். உங்களுக்கு உதவும். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் மட்டும் பாலத்தில் ரயிலை விடமாட்டார்கள், கச்சான் காற்று அடிக்கிற நாளில் கொஞ்சம் முன்னாலேயே அலுவலகத்துக்குப் போன் செய்துவிடுங்கள்.

அந்தக் கட்டுரையில் திருவிழா என்று எழுதியதை அடுத்த பதிப்பில் எடுத்துவிடுகிறேன். இந்த மாதம் செவ்வாயும் வியாழனும் எனக்கு ராமநாதபுரத்தில் வேலை இருக்கிறது, பைக்கை எடுக்கப் போவதில்லை. பாம்பனில் நீங்கள் கடைசிக்கு முந்தின பெட்டியில் ஏறுங்கள், பாலம் தாண்டினால் மண்டபம், அங்கே நான் ஏறுவேன். கையில் மஞ்சள் பை இருக்கும். மீன்கார அம்மாவும் பெரும்பாலும் அதே பெட்டிதான், கூடைக்கு மட்டும் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், சேலையில் தண்ணி சொட்டும்.

அன்புடன்,
அண்ணன்