கேப்டனாக இருந்துவிட்டு லெப்டினன்ட் ஜெனரல் என்று பொய் சொல்லி, அமெரிக்க விடுதலைப் போரில் அமெரிக்கப் படையில் சேர்ந்த ஜெர்மன்காரர் ஸ்டாய்பனை ஏன் கொண்டாடுகிறார்கள்? அவர் மோசடிக்காரர்தானே?

நீங்கள் இதுவரை ஏஜென்ட் மூலமாக வெளிநாட்டு வேலைக்குப் போனதில்லை என்று நினைக்கிறேன். போயிருந்தால் 'மோசடிக்காரர்' என்று எழுதக் கை வந்திருக்காது.

பொய்தான், மறுக்கவில்லை. ஐரோப்பாவில் ஏழாண்டுப் போர் முடிந்து 1763-ல் பிரஷ்யா என்ற ஜெர்மன் நாட்டின் படை அவரை வெளியே அனுப்பியபோது வெறும் கேப்டன். பிறகு ஒரு குட்டி ஜெர்மன் சமஸ்தானத்தில் அரண்மனை நிர்வாகம், கழுத்துவரை கடன். 1777-ல் பாரிஸிலிருந்து அமெரிக்கத் தூதர் பெஞ்சமின் பிராங்க்ளின் அமெரிக்கப் படைத் தளபதி வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினார். அதில்தான் ஆள் லெப்டினன்ட் ஜெனரல் ஆனார்.

2006-ல் சவுதியில் உள்ள தம்மாமுக்கு நான் ஃபோர்மேனாகப் போனதும் இப்படித்தான். உண்மையில் நான் பைப் ஃபிட்டர். பயோடேட்டாவில் ஏஜென்ட் ஏற்றிவிட்டார். கையெழுத்து போட்டது நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கமெண்டில் வந்து கேட்பீர்கள்.

என்னிடம் பதினொரு பேரைக் கொடுத்தார்கள். நேபாளி, வங்காளி, பாகிஸ்தானி. எனக்கு இந்தியே 'பானி', 'ஜல்தி'யோடு சரி. இரண்டு பைப்பைச் சேர்க்கும் வட்டத் தகடான ஃபிளேஞ்சை மாட்டும்போது பக்கத்துப் பக்கத்து போல்ட்டாக முறுக்கிக்கொண்டே போவார்கள். அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றிப் பார்க்கும் ஹைட்ரோ டெஸ்ட்டில் தண்ணீர் பீய்ச்சும். கத்திப் பார்த்தேன், கேட்கவில்லை. ஒருநாள் ஃபிளேஞ்சுக்கு நடுவில் கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கெட் நசுங்கியிருந்ததைக் கழற்றி, ஒரு பக்கம் தடியாகவும் மறுபக்கம் தாளாகவும் இருந்ததை ஒவ்வொருவர் விரலாலும் தடவிப் பார்க்க வைத்தேன். பிறகு நானே ஸ்பானரை எடுத்து எதிரெதிர் போல்ட்டாக முறுக்கிக் காட்டினேன். கூட இருந்த கண்ணூர்க்காரர்தான் மொழிபெயர்ப்பு. "நான் திட்டுறதையும் சேர்த்தே சொல்லுங்க சேட்டா" என்பேன்.

ஸ்டாய்பனுக்கும் ஆங்கிலம் வராது. 1778 பிப்ரவரியில் வாஷிங்டன் படை தங்கியிருந்த வேலி ஃபோர்ஜ் முகாமுக்கு வந்தார். பயிற்சியில் கோபம் தலைக்கேறினால், பிரெஞ்சு தெரிந்த கேப்டன் வாக்கரைக் கூப்பிட்டு இங்கிலீஷில் திட்டச் சொல்வாராம். அதிகாரி துப்பாக்கி தூக்கிப் பயிற்சி கொடுப்பது அங்கே கௌரவக் குறைச்சல், அது சார்ஜென்ட் வேலை. இவர் தானே தூக்கினார். சுமார் நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்து, அவர்களைக் கொண்டு மற்றவர்களைப் பழக்கினார். ஐரோப்பாவில் 'செய்' என்றால் சிப்பாய் செய்வான், இங்கே ஏன் என்று சொன்னால்தான் செய்கிறான் என்று நண்பருக்கு எழுதினார். படித்தபோது அந்தக் கேஸ்கெட்தான் ஞாபகம் வந்தது. ஜூன் 28-ல் நியூ ஜெர்சியில் மன்மத் என்ற இடத்தில் நடந்த சண்டையில் பிரிட்டிஷ் படைக்கு முன்னால் அதே ஆட்கள் வரிசை கலையாமல் நின்றார்கள். அதற்கு முன்பே, மே மாதத்தில், அவரை மேஜர் ஜெனரல் ஆக்கியிருந்தார்கள். அது பொய்ப் பதவி இல்லை.

ஜெனரலோடு தன்னை ஒப்பிடுகிறான் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் கக்கூஸ் விஷயத்தைச் சொல்லாமல் விட மாட்டேன். வேலி ஃபோர்ஜில் படை தங்கியிருந்த ஆறு மாதத்தில் நோயில் மட்டும் ஏறக்குறைய 2,000 பேர் செத்தார்கள். சமையல் ஒரு கோடி, கழிப்பிடம் எதிர்க்கோடி, அதுவும் சரிவான பக்கம் என்று முகாமை ஒழுங்கு பண்ணியவர் ஸ்டாய்பன். எங்கள் கேம்ப்பில் அடுப்புக்கு நாலடி தள்ளி கக்கூஸ் கதவு. வயிற்றுப்போக்கில் பாதிப் பேர் படுத்தபோது மேலே போய்ச் சொன்னேன். "நீ ஃபோர்மேன், பைப்பைப் பார்" என்றார்கள். ஏழு வருஷம் கழித்துக் கணக்கு முடிக்கும்போது மட்டும் பணிக்கொடையை ஃபிட்டர் சம்பளத்துக்குப் போட்டார்கள். ஸ்டாய்பனுக்காவது பல வருஷம் அலைந்தபின் 1790-ல் ஆண்டுக்கு 2,500 டாலர் பென்ஷன் வந்தது. எனக்கு வரவேண்டிய மிச்சத்துக்கு நான் எழுதிய மூன்று கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.