சவுலுக்குத் தாவீதைத் தெரியாதா?

வணக்கம் சகோதரி. சவுலுக்கு ஏற்கெனவே தெரிந்த தாவீதை அவன் ஏன் யார் என்று விசாரிக்கிறான் என்று உங்கள் ஞாயிறு பள்ளிப் பையன் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். 1 சாமுவேல் 16:21இல் தாவீது சவுல் ராஜாவின் ஆயுததாரி (ஆயுதம் சுமப்பவன்), 17:55இல் அதே சவுல் "இவன் யார் மகன்?" என்று தன் படைத்தலைவன் அப்னேரிடம் கேட்கிறான். பையன் சரியான இடத்தில்தான் பிடித்திருக்கிறான்.

முதலில் 17:15ஐ வாசிக்கச் சொல்லுங்கள். தாவீது அரண்மனையிலேயே தங்கவில்லை. பெத்லகேமுக்குத் திரும்பி ஆடு மேய்த்தான். போர்க்களத்துக்கு வந்ததும் சண்டைக்கல்ல. அண்ணன்மாருக்கு வறுத்த தானியமும் பத்து அப்பமும், அவர்களின் தலைவனுக்குப் பத்துப் பால்கட்டியும் கொடுக்க.

அடுத்து 17:25. கோலியாத்தைக் கொல்பவனின் தகப்பன் வீட்டுக்குச் சலுகை உண்டு. அதனால் சவுல் தாவீதின் தகப்பனை விசாரித்தான் என்பார்கள். ஆனால் 16:19இல் அந்தத் தகப்பன் ஈசாயிக்கே ஆள் அனுப்பியவன் சவுல். இந்த விளக்கம் முழுதாக ஒட்டாது.

எனக்கு வலுவாகப் படுவது பழைய கையெழுத்துப் பிரதிகளின் சான்று. 4ஆம் நூற்றாண்டு வத்திக்கான் கிரேக்கப் பிரதியில் 17:12-31, 17:55-18:5 இரண்டுமே இல்லை. அவற்றை விட்டு வாசித்துப் பாருங்கள், முரண் மறைந்துவிடும். இரண்டு மரபுகள் இணைந்திருக்கலாம் என்று பல அறிஞர்கள் கருதுவது இதனால்தான். சின்னப் பிள்ளைகளுக்கு 17:15 போதும். பெரியவர்களிடம் இதையும் சொல்லலாம்.

இன்னொன்று: அடுத்த வாரம் அவன் 1 நாளாகமம் 2:15ஐக் காட்டுவான். அங்கே தாவீது ஏழாவது மகன், சாமுவேலில் எட்டாவது. தயாராகப் போங்கள்.