தக்கனவும் பிழைத்தனவும்

மதிப்புக்குரிய ஐயா,

யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவருக்கு உயிரியல் கற்பிக்கிறேன். கடற்பசுவைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை வகுப்பில் வாசித்தபோது ஒரு மாணவன் எழுந்தான். “தக்கன பிழைக்கும் என்று படித்தோம். பிழைக்காதது தகாததுதானே? பூமியில் ஐந்து முறை பேரழிவு வந்திருக்கிறது. அதன் பிறகும் உயிர்கள் பெருகித்தான் இருக்கின்றன. கடற்பசு போனால் இன்னொன்று வரும். இதற்கு ஏன் கவலை?” என்றான். இயற்கைத் தேர்வை மீண்டும் விளக்கினேன். அவனுக்கும் திருப்தி இல்லை, எனக்கும் இல்லை. எப்படிப் பதில் சொல்வது? நமது மண்ணிலேயே காட்டக்கூடிய சான்று ஏதும் உண்டா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த மாணவனைப் பாராட்டுங்கள். படித்ததை அதன் எல்லைவரை கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறான். இடறல் அந்த எல்லையில்தான் இருக்கிறது.

இயற்கைத் தேர்வு ஓர் இனத்துக்குள், தனியன்களுக்கு இடையே நடப்பது. எது கூடுதலான சந்ததியை விட்டுச் செல்கிறது என்பதே அங்கே கணக்கு. கோடிக்கணக்கான ஆண்டுகளை எடுத்துக்கொண்டால் அதற்கு மேலே வேறொரு கணக்கும் ஓடுகிறது. ஓர் ஊரின் சனத்தொகையைப் பிறப்பும் இறப்பும் சேர்ந்து தீர்மானிப்பதைப் போல, ஒரு கிளையில் புதிய இனங்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன, எவ்வளவு வேகமாக அழிகின்றன என்ற இரண்டும் சேர்ந்தே அதில் இன்று எத்தனை இனங்கள் உள்ளன என்பதை முடிவு செய்கின்றன. பெரும்படியான கூர்ப்பை (பரிணாமத்தை) ஆராய்பவர்கள் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான்.

நமது தீவிலேயே இதன் இரு முனைகளையும் பார்க்கலாம். தெற்கின் மழைக்காடுகளில், வாற்பேய்ப் பருவமே இல்லாமல் முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளையாக வெளிவரும் ஒரு தவளைக் கூட்டம் இருக்கிறது. அந்த ஒரே கூட்டத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் பல கடந்த இரு நூற்றாண்டுகளுக்குள் அழிந்தும்விட்டன. மறுமுனையில் நிற்கிறது கடற்பசு.

கடற்பசுவின் முன்னோர் தரையில் நடந்த விலங்குகள். இன்றுள்ள நெருங்கிய உறவுகளுள் யானையும் ஒன்று. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, நான்கு கால்களால் நடக்கக்கூடிய ஒரு கடற்பசுவின் எலும்புகள் ஜமெய்க்காவில் கிடைத்திருக்கின்றன. பிறகு இந்தக் கிளை வெப்பக் கடல்களெங்கும் பரவிச் செழித்தது. குஜராத்தின் கட்ச் பகுதியில், சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மயோசீன் காலப் பாறைகளில், ஒரே கடலில் ஒன்றாக வாழ்ந்த மூன்று வகைக் கடற்பசுக்கள் கண்டெடுக்கப்பட்டன. தந்தத்தின் அளவிலும் மூக்குப் பகுதியின் வளைவிலும் அவை வேறுபட்டன. பெரிய தந்தம் உடையது தடித்த கிழங்கைத் தோண்ட, மற்றவை மென்மையான புல்லை மேய, ஒரே கடற்புல் வெளியை அவை பங்கிட்டு உண்டிருக்க வேண்டும். புளோரிடாவிலும் மெக்சிக்கோவிலும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு இனங்களைக் கொண்டு இதே பங்கீடு மீண்டும் அமைந்திருந்தது.

இன்று இந்து சமுத்திரம் முழுவதிலும் எஞ்சியிருப்பது ஒரே இனம். அதன் குடும்பத்தில் வேறு இனம் எதுவும் இல்லை. வடக்குப் பசிபிக்கில் இருந்த பேருருவக் கடற்பசுவை ஐரோப்பியர் 1741இல் கண்டனர். 1768க்குள் வேட்டையாடி முடித்துவிட்டனர். அந்த 27 ஆண்டுகளில் அதன் தகுதியில் எந்தக் குறையும் புதிதாக முளைக்கவில்லை. குளிர்ந்த நீருக்கு அற்புதமாகப் பொருந்திய விலங்கு அது. “பிழைக்காதது தகாதது” என்பவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பேரழிவுகளிலும் இப்படியே. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஜப்லொன்ஸ்கி, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதிய காலத்துச் சிப்பிகளையும் நத்தைகளையும் ஆராய்ந்து 1986இல் ஒரு முடிவை வெளியிட்டார். சாதாரண காலங்களில் ஒரு கிளையைக் காத்த பண்புகள், அதன் குடம்பிகள் (முட்டையிலிருந்து வந்த இளம் பருவத்தவை) நீரோட்டத்தில் வெகுதூரம் செல்வது, அதில் நிறைய இனங்கள் இருப்பது போன்றவை, பேரழிவின்போது உதவவில்லை. அந்தக் கிளை மொத்தத்தில் எவ்வளவு பரந்த கடல்களில் வாழ்ந்தது என்பதே உதவியது. பல இலட்சம் ஆண்டுகளாக இயற்கைத் தேர்வு சேர்த்துவைத்த நுட்பங்கள் அந்த நாளில் செல்லாமல் போயின.

இனி, “இன்னொன்று வரும்” என்பது. வரும், உண்மைதான். எது, எப்போது என்று அவனிடம் திருப்பிக் கேளுங்கள். 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பேர்மியன் காலத்தின் முடிவில், சைபீரிய எரிமலைகள் பொங்கியபோது கடல்வாழ் இனங்களில் பத்தில் எட்டுக்கும் மேல் அழிந்தன. அதுவரை பாறைத்தொடர்களைக் கட்டிய பழைய பவளக் கூட்டங்கள் முழுவதுமாக மறைந்தன, இன்றுவரை திரும்பவில்லை. அவற்றின் வேலையை ஏற்ற புதிய பவளங்கள் தோன்றச் சுமார் ஒரு கோடி ஆண்டுகள் சென்றன. நெடுந்தீவின் மதில்களில் அடுக்கியிருக்கும் பவளக் கற்கள் இந்தப் பின்வந்தோரின் எச்சங்களே. மனித இனத்தின் வயதோ சுமார் 3 இலட்சம் ஆண்டுகள். ஒரு கோடி ஆண்டுகளின் முடிவில் வரும் ஈடு, நமக்கும் நமது மீனவருக்கும் ஈடே அல்ல.

கடற்பசு மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி ஈனுகிறது. வலையில் தெரியாமல் சிக்கும் சிலவே போதும், ஒரு கூட்டம் மெல்லக் கரைந்துபோக. அது மேயும் கடற்புல்லை, கடலடியில் இழுத்துச் செல்லும் வலையான இழுவைமடி வாரிக்கொண்டு போகிறது. இலங்கை 2017இல் இழுவைமடியைத் தடைசெய்தது; தமிழ்நாடு 2022இல் பாக்கு விரிகுடாவில் கடற்பசுக் காப்பகம் அறிவித்தது. இரண்டையும் நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் தடை தாளில் இருக்க, மடி கடலில் ஓடுவதை நமது கரையோர மக்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். இதை மாற்றுவது நமது தலைமுறையின் கையில் இருக்கிறது.

சான்று கேட்டிருந்தீர்கள். யாழ்ப்பாணத்தின் அடியில் கிடக்கும் சுண்ணக்கல்லும் மயோசீன் காலத்துக் கடலில் படிந்ததுதான். கிணறு வெட்டும்போது மேலே கொட்டும் கற்களில் சிப்பியும் சங்கும் பதிந்திருக்கும். சிலவற்றைச் சேகரித்து, பழைய பல்துலக்கியால் மண் நீக்கி, வகுப்பில் வையுங்கள். பக்கத்தில் இன்றைய கடற்கரையில் பொறுக்கிய ஓடுகளை வையுங்கள். எவை இரண்டு குவியலிலும் இருக்கின்றன, எவை ஒன்றில் மட்டும் இருக்கின்றன என்று மாணவரே பிரிக்கட்டும். அந்தப் பையன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.