பிள்ளை பெற லைசன்ஸ்?

கேள்வி: தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். என் வகுப்பில் ஒரு பையன், சம்பளம் போட்ட வாரம் முழுக்க வரமாட்டான். அப்பா குடித்துவிட்டு அடிக்கிறார். அம்மா குவைத்தில். கண் சரியாகத் தெரியாத பாட்டிதான் அவனையும் இரண்டு தங்கச்சிகளையும் பார்க்கிறார். ஓட்டோ ஓட்டுவதற்கே லைசன்ஸ் கேட்கிறார்கள். பிள்ளை பெறுவதற்கு மட்டும் ஒரு தகுதியும் வேண்டாமா? வருமானம், குடிப்பழக்கம், மனநலம் எல்லாம் பார்த்து, தகுதி உள்ளவர்கள் மட்டும் பெற்றோராகலாம் என்று அரசாங்கம் ஒரு சட்டம் போட்டால் என்ன பிழை?
(ஆசிரியை ஒருவர், கொட்டகலை. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: டீச்சர், அந்தப் பையனை நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் நீங்கள் கேட்கிற சட்டம் வந்தால் அது கொழும்பில் பெரிய வீட்டு வாசலில் போய் நிற்காது. நேரே உங்கள் தோட்டத்து லயத்துக்குத்தான் வரும்.

வருமானம் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். நாள் சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வருவதற்கே 2021 வரை போராடிய சனம் இது. அதிலும் கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். எந்த வருமானத்தை அளவாக வைத்தாலும் நம் ஆட்கள் அதற்குக் கீழேதான் நிற்பார்கள். அப்புறம் வீடு. பிள்ளைக்குத் தனி அறை உண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தால் போதும், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராக்கள் வரிசையாக இருக்கிற லயத்தில் தொட்டில் கட்ட ஒருவருக்கும் உரிமை இருக்காது.

பிள்ளை வளர்க்கும் திறமையை அளக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். 2016ஆம் ஆண்டு மக்கள்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 வீதம், தோட்டப்புறத்தில் கிட்டத்தட்ட 32 வீதம். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அதிகாரி வந்தால், மூன்றில் ஒரு பிள்ளையின் தாய் 'தகுதி இல்லாதவள்' ஆகிவிடுவாள். அவள் யார்? காலையில் பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பிராவில் (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில்) விட்டுவிட்டு மலைக்குப் போய், கொழுந்து நிறுத்த கையோடு, இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் இறங்கி ஓடி வந்து பால் கொடுத்துவிட்டு, மறுபடி மலை ஏறுகிறவள். வயிற்றில் பிள்ளை இருந்தபோதே அவள் உடம்பில் இரத்தம் போதாது. அவளுடைய அம்மாவுக்கும் அப்படித்தான். இதில் வளர்க்கத் தெரியாத குற்றம் எங்கே இருக்கிறது?

யார் பெறலாம், எத்தனை பெறலாம் என்று மேலே இருந்து முடிவு செய்வது மலையகத்துக்குப் புதிதும் இல்லை. 1980களில் கருத்தடை ஒப்பரேஷன் செய்துகொண்டால் அரசாங்கம் கையில் காசு கொடுத்தது. தோட்டங்களில் அது எப்படி நடந்தது என்று உங்கள் ஊரிலேயே வயதான அம்மாமாரைக் கேட்டுப் பாருங்கள். லொறியில் ஏற்றிக்கொண்டு போனதைச் சொல்வார்கள். ஒப்பரேஷனுக்குச் சம்மதித்தால்தான் பிள்ளைப்பேற்றுக் காசு என்று வெருட்டியதைச் சொல்வார்கள். எழுதப்படிக்கத் தெரியாத பெண், தோட்டத்துத் துரை, டிஸ்பென்சரி, கங்காணி எல்லாரும் ஒரு பக்கம் நிற்கும்போது கொடுத்த கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1948இல் குடியுரிமையைப் பறிகொடுத்து, அந்த நாட்களிலும் பல குடும்பங்கள் நாடற்றவர்களாகவே இருந்தன என்பதையும் சேர்த்து யோசியுங்கள். குடும்பக் கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு போதும் என்று தானே முடிவெடுத்து கிளினிக்குக்குப் போகிற பெண்ணுக்கு அது பெரிய விடுதலை. அந்த முடிவை அவள் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று நேற்று நடந்தது போல இருக்கிறது. 2013இல் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமாக்கினார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது. நல்ல நோக்கம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் அப்பாமாரிடம் அப்படி ஓர் அறிக்கையை ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளைகளை விட்டுவிட்டுக் கட்டாருக்குப் போன ஆண்கள் தாராளமாகப் போனார்கள். பெண்களோ அறிக்கைக்காக அலைந்தார்கள், ஏஜென்சிக்காரனுக்குக் காசு கொடுத்துக் குறுக்கு வழியில் போய் அங்கே பாதுகாப்பே இல்லாமல் மாட்டிக்கொண்டார்கள். 2022இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது அதே விதியைத் தளர்த்தி, ஐந்து வயதை இரண்டாக்கினார்கள். பிள்ளையின் நலனுக்காகப் போட்ட கோடு என்றால், திறைசேரி காலியானதும் அது ஏன் நகர வேண்டும்?

வெளிநாட்டில் இந்தச் சட்டத்தை முழுதாகவே போட்டுப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் காரி பக் என்றொரு பெண். ஏழை, வளர்ப்பு வீட்டில் இருந்தவள். அந்த வீட்டு உறவுக்காரன் ஒருவன் கெடுத்துக் கர்ப்பமானாள். அவளை 'மந்தபுத்தி' என்று எழுதி ஒரு காப்பகத்தில் போட்டார்கள். ஏழு மாதக் கைக்குழந்தையைப் பார்த்து, இதுவும் சரியில்லை போலத் தெரிகிறது என்று ஒரு சமூக சேவகி சாட்சி சொன்னாள். 1927இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் காரிக்குக் கருத்தடை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. அந்தக் குழந்தை விவியன் பின்னால் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்துச் சிறப்புப் பட்டியலில் பெயர் வாங்கியது. எட்டு வயதில் நோயில் இறந்துபோனது. காரிக்கு மந்தபுத்தியும் இல்லை, பள்ளிக்கூடப் பதிவுகள் அதைக் காட்டுகின்றன. ஆனால் அதற்குள் அவளுக்கு ஒப்பரேஷன் முடிந்துவிட்டது. அமெரிக்காவில் இப்படி 60,000 பேருக்கு மேல். சுவீடனும் செய்தது. ஜப்பானில் 1948 முதல் 1996 வரை இந்தச் சட்டம் இருந்தது. அது அரசியலமைப்புக்கு முரண் என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் சொன்னது 2024இல்தான். இந்த நாடுகளில் எல்லாம் சட்டம் எழுதியவர்கள் கொடூரமானவர்கள் என்று நினைக்காதீர்கள். டாக்டர்கள், நீதிபதிகள், சமூக சேவகர்கள். எல்லாருமே பிள்ளைகளின் நல்லதுக்குத்தான் என்று நம்பினார்கள்.

லைசன்ஸ் உவமையை 1980இலேயே ஹியூ லஃபொலெட் என்ற அமெரிக்க மெய்யியலாளர் வாதமாக எழுதியிருக்கிறார். தத்தெடுப்பவர்களை இவ்வளவு சோதிக்கிறோமே, பெறுகிறவர்களை ஏன் சோதிப்பதில்லை என்றும் அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். தத்துக் கொடுக்கும்போது பிள்ளை நீதிமன்றத்தின் பொறுப்பில் இருக்கிறது. யார் கையில் கொடுக்கிறோம் என்று பார்க்காமல் கொடுத்தால் அது துரோகம். 1980களில் இங்கிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்தாகப் போனபோது நடந்த மோசடிகள் அதற்குச் சாட்சி. ஆனால் தன் வயிற்றில் பிள்ளையைச் சுமக்கிறவளுக்கு அந்தப் பிள்ளையை யாரும் கொடுக்கவில்லை. ஓட்டத் தெரியுமா என்று வாகனத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். பிறக்காத பிள்ளையை எப்படி வளர்ப்பாள் என்று எதை வைத்துப் பார்ப்பது?

சரி, லைசன்ஸ் இல்லாமல் ஒருத்தி கர்ப்பமாகிவிட்டாள். என்ன செய்வீர்கள்? தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்குத் தவிர கருக்கலைப்பு குற்றம் என்று 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவை சொல்கிறது. பிறந்த பிறகு பிடுங்கிக்கொண்டு போய்ச் சிறுவர் இல்லத்தில் விடுவதா? இப்போதே அங்கிருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டது வறுமை.

உங்கள் கோபத்தில் ஒன்று மட்டும் எனக்கு முழுச் சம்மதம். பிள்ளை அப்பாவின் சொத்து இல்லை. அடிக்கிற அப்பனைக் கேட்க ஆள் வேண்டும். அதற்குப் புதுச் சட்டம் தேவைப்படாது. 1995இலேயே சிறுவர்களைக் கொடுமைப்படுத்துவதைத் தனிக் குற்றமாகத் தண்டனைச் சட்டக் கோவையில் சேர்த்துவிட்டார்கள். 'குடும்ப விசயம், நமக்கேன்' என்று தோட்டமே ஒதுங்கி நிற்பதுதான் அந்தச் சட்டத்தை வேலை செய்ய விடாமல் வைத்திருக்கிறது. 2021இல் கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன டயகமச் சிறுமி தீக்காயங்களோடு இறந்தபோது எத்தனை பேர் பெற்றோரைத் திட்டினார்கள்! அவள் பாடசாலையை விட்டு நின்ற நாளில் யாராவது அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்திருந்தால் என்று யோசிக்கிறேன்.

அதனால் உங்களிடம் நேரடியாகவே கேட்கிறேன். இந்த வாரமே 1929க்கு அழையுங்கள், அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், நன்னடத்தை உத்தியோகத்தரும் இருக்கிறார். அப்பா அடிப்பதை வாயால் சொல்வதோடு விடாமல், பையன் வராத நாட்களின் வரவுப் பதிவோடு எழுத்தில் கொடுங்கள். பாட்டியின் கண்ணில் புரை என்றால் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகவே எடுக்கிறார்கள். கூட்டிப்போக ஓர் ஆள்தான் தேவை. குவைத்தில் இருக்கும் அம்மாவோடு போனில் பேசி, அனுப்புகிற காசை அப்பாவின் கணக்குக்கு அனுப்பாமல் பாட்டியின் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். எழுத்தில் கொடுத்த பிறகும் ஒரு மாதத்துக்குள் யாரும் அந்த வீட்டுக்கு வரவில்லை என்றால் கடிதத்தின் பிரதியை எங்களுக்கு அனுப்புங்கள். பிரதேச செயலாளரிடம் நாங்கள் கேட்கிறோம்.